மறுமொழி: காயிலுக்குச் ‘சுருள்’ வேண்டாமே, ‘வகையிலி’ சரிவருமா?

வணக்கம். புரத அமைப்புச் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ப் பட்டியலைப் பார்த்தேன். புரதச் சங்கிலி அங்கங்கே சுருண்டோ நீண்டோ நிற்பதைத்தான் இரண்டாம் நிலை அமைப்பு என்கிறோம்.

‘புரத இரண்டாம் நிலை அமைப்புக் கணிப்பு’ எனக்குச் சம்மதம். அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் ஒவ்வோர் அமிலத்துக்கும் எச் (ஹீலிக்ஸ்), ஈ (நீண்ட இழை), சி (காயில், இரண்டிலும் சேராதது) என்று ஓர் எழுத்தைப் போட்டுத் தருகிற வேலைக்குக் கணிப்பு போதும், ‘முன்கணிப்பு’ எதற்கு?

என் வழக்கு அந்த சி-யோடுதான். ஹீலிக்ஸை ஆல்ஃபா சுருள் என்றே படித்துப் பழகிவிட்டோம், இப்போது பட்டியலில் காயிலுக்கும் சுருள் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே அட்டவணையில் எச்சும் சுருள், சியும் சுருள் என்றால் பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள்? கொசுவத்திக்கு அந்தப் பெயர் பொருந்தும். இங்கே சுற்றுக்கு 3.6 அமிலம் என ஒழுங்காகச் சுருள்வது எச் மட்டும்தான், காயில் பெயருக்குத்தான் காயில்.

‘ஒழுங்கிலி’யும் வேண்டாம். பல நொதிகளில் வினை நடக்கும் இடத்து அமிலங்கள் இந்தப் பகுதியில்தான், அதுவும் அசையாமல், உட்கார்ந்திருக்கின்றன. நிலையான வடிவமே இல்லாத புரதப் பகுதிகள் வேறு, அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவைப்போம். 1983-இல் கப்ஷும் சாண்டரும் வெளியிட்ட, புரதத்தின் தெரிந்த வடிவத்தைப் பார்த்து எழுத்துப் போடும் டிஎஸ்எஸ்பி முறை, எந்த வகையிலும் சேராததற்கு எழுத்தே போடாமல் இடத்தைக் காலியாக விட்டது. அதனால்தான் ‘வகையிலி’ என்கிறேன்.

அப்புறம் ஈ. ‘பீட்டா இழை’ நல்ல சொல்தான், ஆனால் பட்டுக்கூடு அங்காடி இருக்கிற எங்கள் தர்மபுரியில் இழை என்றாலே பட்டுதான். ஒருவகையில் அதுவும் நல்லதே. பட்டுப்புழுவின் ஃபைப்ராயின் என்ற பட்டுப் புரதத்தில் கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த அமிலம் எந்த அமைப்புக்குச் சாதகம் என்று 1974-இல் சௌவும் ஃபாஸ்மனும் தந்த அளவுகளின்படி அலனின் சுருளுக்குச் சாதகம், கிளைசினோ சுருளைக் கெடுக்கும், இழைக்கும் சாதகமில்லை, அதை மட்டும் நம்பினால் பட்டில் பீட்டா தாளே (இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்த அமைப்பு) கிடைக்கக் கூடாது. ஆனால் நூலுக்கு உறுதி தருவதே அதுதான். இத்தனைக்கும் புழுவின் சுரப்பிக்குள் நீர்மமாக இருக்கும்போது அதே வரிசைக்கு அந்த அமைப்பு இல்லை, வெளியே நூலாக இழுபடும்போதுதான் வருகிறது. கணிப்பு என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதுகிறவர் இதை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

குழப்பம் வராமல் இருக்க, பட்டுக்கு நூல், புரதத்துக்கு இழை என்று வைத்துக்கொள்ளலாம். டிஎஸ்எஸ்பியின் எட்டு வகைப் பட்டியலில் வரும் டர்னுக்குத் (turn) திருப்பம், பெண்டுக்கு (bend) வளைவு. பெண்டுக்கு வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்.