நேர்த்தியான பூச்சுக்கு எந்த ஸ்பிரே கன்? பட்டறைக்காரர்களின் அனுபவங்கள்

கோவை, மரவேலைப் பட்டறை

தேக்குக் கதவுகளுக்கும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சமையலறை ஷட்டர்களுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு அடிப்பதே எங்கள் பட்டறையின் முதன்மையான வேலை. எந்த ஸ்பிரே கன் வாங்கலாம் என்று கேட்டுப் பலர் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, கம்ப்ரசர் எத்தனை குதிரைத்திறன், அது உண்மையில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தருகிறது என்பதுதான். அது தெரியாமல் கன்னைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தச்சர் தாம் பெயின்ட் அடித்த ஷட்டர்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றிலும் அடிக்கத் தொடங்கிய பக்கம் வழவழப்பாகவும், முடித்த பக்கம் ஆரஞ்சுப் பழத் தோலைப் போல மேடுபள்ளம் விழுந்து சொரசொரப்பாகவும் இருந்தது. தின்னர் சரியில்லை என்று கடையில் சொல்லியிருந்தார்களாம். ஒரே கலவை, ஒரே கை, ஒரே பலகை என்னும்போது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் மாறக்கூடியது காற்று மட்டுமே. அவரிடம் இருந்தது நல்ல எச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைச் செலுத்தும் வகை), அதை 1 குதிரைத்திறன் கம்ப்ரசரில் மாட்டியிருந்தார்.

எச்.வி.எல்.பி. கன்னில் முனையில் உள்ள ஏர் கேப் என்னும் மூடியிலிருந்து வெளியேறும் காற்றின் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) தாண்டாது. அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெயின்டை நுண்துளிகளாக உடைக்க வேண்டுமானால் காற்றின் அளவு மிகுதியாக வேண்டும். பெரும்பாலான கன்களுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி வரை தேவைப்படுகிறது. 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவதோ அதிகம் போனால் நான்கைந்து கன அடிதான். டேங்க்கில் சேர்ந்திருக்கும் காற்று தீரும்வரை வேலை அழகாக நடக்கும். தீர்ந்ததும் அழுத்தம் இறங்கி, துளிகள் பெரிதாகி, பரவாமல் அப்படியே காய்ந்துவிடும். கம்ப்ரசர் தகட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது பல நேரங்களில் பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவே தவிர, வெளியே வந்து சேரும் காற்றின் அளவு அன்று. இரண்டாவது எண் கணிசமாகக் குறைவாக இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கன்னின் கைப்பிடிக்குக் கீழே ஓர் அழுத்தமானியை மாட்டி, டிரிக்கரை முழுவதும் அழுத்தியபடி அவரையே முள்ளைப் பார்க்கச் சொன்னேன். டிரிக்கரை விட்டிருக்கும்போது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது அங்கேயே அவருக்குப் புரிந்தது. கம்ப்ரசரை மாற்ற அவருக்கு அப்போது வசதி இல்லை. ஆகவே குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. வகையில் 1.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை) உள்ள ஒன்றை வாங்கி, ஹோஸையும் உள்விட்டம் கூடியதாக மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் கொண்டுவந்து காட்டிய ஷட்டர்களில் இரண்டு ஓரங்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கன்னிலிருந்து பெயின்ட் விரிந்து விழும் விசிறி சற்றுக் குறுகலாக இருப்பதால் அவருக்கு நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

நாசிலைப் பொறுத்தவரை, மேல்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ., கெட்டியான பிரைமருக்கு 1.8 மி.மீ. என்று இரண்டு செட் வைத்திருப்பதே நல்லது. ஆனால் நாசிலைவிட என் மனத்துக்கு நெருக்கமான கருவி போர்டு கப், அதாவது கலவை வடியும் நேரத்தைக் கொண்டு அதன் கெட்டித்தன்மையை அளக்கும், அடியில் துளையுள்ள கிண்ணம். மேல்பூச்சுக் கலவை பி4 கப்பிலிருந்து 18 முதல் 22 நொடிக்குள் வடிந்தால் இந்த நாசில்கள் சீராக அடிக்கும். கன்னின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கப்பின் விலை ஒரு பொருட்டே அல்ல. இருந்தும் பெரும்பாலான பட்டறைகளில் குச்சியைத் தூக்கி ஒழுகுவதைப் பார்த்தே கலவையைத் தீர்மானிக்கிறார்கள். மே மாதத்து நடுப்பகலில் சரியாகத் தோன்றும் அதே விகிதம் மார்கழிக் காலையில் கெட்டியாகிவிடும் என்பதால், தின்னரை விகிதம் பார்த்து ஊற்றுவதைவிட நொடிக்கணக்குப் பார்த்து ஊற்றுவதே முறை.

சென்னை, கட்டடங்களில் பெயின்டிங் ஒப்பந்த வேலை

கோவை நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் வேலை பட்டறையில் அன்று. மாட்டி முடித்த கதவுகளிலும் நிலைகளிலும், பெரும்பாலும் நீர் சார்ந்த எனாமலில். அந்தப் பெயின்டை எச்.வி.எல்.பி. கன்னுக்கு ஏற்ற அளவுக்குத் தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் மூடுதிறன் போய்விடுகிறது. அதனால் காற்றில்லாமல் பெயின்டையே உயர் அழுத்தத்தில் தள்ளும் ஏர்லெஸ் இயந்திரத்தில், வழக்கத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் அடிக்க ஏற்ற நுண்பூச்சு டிப்களை (கன்னின் முனையில் மாட்டும் துளைகளை) பயன்படுத்துகிறோம். டிப்பின் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது முதல் தேவை. 312 என்றால், முதல் இலக்கத்தை இரட்டித்து 6 அங்குல விசிறி, துளை 0.012 அங்குலம் என்று பொருள். விசிறியின் அகலம் 12 அங்குலத் தொலைவில் அளக்கப்படுகிறது. கதவு நிலைகளுக்கு 310உம் பலகைகளுக்கு 312உம் எங்களுக்குப் போதுமானவை. துளை இவ்வளவு சிறியது என்பதால் பெயின்டை வடிகட்டாமல் ஊற்றவே கூடாது. ஹோஸுக்குள் தங்கிவிடும் பெயின்டைக் கணக்கில் கொண்டால், ஒரே ஒரு கதவுக்காக ஏர்லெஸ்ஸை எடுப்பது வீண்.

இங்கே ஒரு நிகழ்வை அவசியம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி, அடைத்துக்கொண்ட டிப்பை விரலால் துடைக்கப் போனபோது டிரிக்கர் அழுந்திவிட்டது. விரல் நுனியில் சிறு புள்ளி மட்டுமே தெரிந்தது. வலியும் அப்போது பெரிதாக இல்லை. கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர முயன்ற அவரை மேற்பார்வையாளர் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதால், அன்றிரவே அறுவை செய்து விரலைக் காப்பாற்ற முடிந்தது. 2000 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தில் வரும் பெயின்ட் தோலைத் துளைத்துத் தசைநாண் உறை வழியாக உள்ளே பரவுகிறது. தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிவரும். சாதாரண வெட்டுக்காயம் என்று கருதித் தையல் போட்டு அனுப்பிவிடாதபடி, உயர் அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே சென்றிருக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிப்பைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றி, டிரிக்கர் பூட்டைப் போடும் பழக்கம் இல்லாதவர்களிடம் இந்த இயந்திரத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில், மரச்சாமான் பாலிஷ் வேலை

வீடுகளுக்கே சென்று பாலிஷ் அடிப்பவன் என்பதால் மோட்டாரே காற்றை ஊதித் தரும் டர்பைன் வகை எச்.வி.எல்.பி.யை நான் தேர்ந்தெடுத்தேன். கம்ப்ரசரும் டேங்க்கும் வேண்டியதில்லை. ஹோஸில் தண்ணீர் சேர்வதும் இல்லை. எங்கள் கடற்கரை ஊரில் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப்பைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் டர்பைனின் காற்று வெதுவெதுப்பாக வருவதால் தின்னர் வழியிலேயே ஆவியாகி, பூச்சு உலர்ந்து பொடியாக விழக்கூடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்தால்தான் அது படர்ந்து சமமாகிறது. இயந்திரத்தையும் ஸ்பிரே அடிக்கும் அறைக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து நீண்ட ஹோஸைப் பயன்படுத்த வேண்டும். அதன் மோட்டாரில் தீப்பொறி உண்டு, லாக்கர் ஆவியோ எளிதில் தீப்பற்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெளுத்துப் போவதற்கு இந்த டர்பைன்தான் மருந்து என்று நினைத்து வாங்கிய ஒருவர் எனக்குத் தெரியும். அவருக்கு ஏமாற்றமே கிடைத்தது. தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, அறையின் ஈரக்காற்றே அதன் மேல் நீராகப் படிவதால்தான் அந்த வெண்மை வருகிறது. எந்தக் கன்னாலும் அதைத் தடுக்க இயலாது. ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்க்கலாம், இல்லையென்றால் மழை விடும்வரை காத்திருப்பதே நல்லது.

கோவை, மரவேலைப் பட்டறை

நாகர்கோவில் நண்பருக்கு நன்றி. இரட்டைக் கலவை பி.யூ. அடிப்பவர்களுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அதை இறுகச் செய்யும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணியைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பே அன்று. கன்னுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முகமூடிக்கும் காற்று வெளியேற்றும் விசிறிக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய கன்னை வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் அதில் தின்னர் ஊற்றி அட்டையில் அடித்துப் பார்க்க வேண்டும். விசிறி ஒரு பக்கம் கனமாக விழுந்தால் ஏர் கேப்பைப் பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி அடிக்கவும். கனம் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் குறை ஏர் கேப்பில். பெரும்பாலும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் நாசில் தேய்ந்திருக்கலாம். அப்போது ஊசி, நாசில், ஏர் கேப் மூன்றும் செட்டாக உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.