ஜாஸ் கேட்கும் சென்னைக்காரர்களே, உள்ளே வந்த கதையைச் சொல்லுங்கள்

கடம்ரசிகன், திருவல்லிக்கேணி

வீட்டில் ஜாஸ் போட்டாலே "இன்னும் சுருதி சேத்துக்கிட்டே இருக்காங்களா?" என்று கேட்கிற குடும்பம் என்னுடையது. எனக்கு வழி திறந்தது ஷக்தி, நம் சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து வாசித்த குழு. விக்கு விநாயக்ராமின் கடத்துக்காகக் கேட்கப் போய், ஜான் மெக்லாக்லினின் கிடாரில் மாட்டிக்கொண்டேன். அந்த மனிதர் அதற்கு முன்னால் யாரோடு வாசித்தார் என்று தேடினால் ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ். அப்புறம் என்ன, பர்ஸ் காலி. உங்கள் கதை?

மாம்பலம் மாப்பிள்ளை

என் கதையில் மாமனார்தான் ஹீரோ. வயலின் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், மேற்கத்திய சங்கீதம் பக்கமே போகாதவர். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் என் அப்பா அங்கே பழைய இசைத்தட்டு வாங்குவார். அப்படி வந்ததுதான் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எல்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டேன். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு 'ஸோ வாட்'. பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியம் கேள்வி கேட்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் பேப்பர் கீழே இறங்கியது. "கரகரப்ரியா ஸ்வரம்னா இது?" என்றார். சரிதான். ஜாஸ்காரர்கள் டோரியன் என்று சொல்லும் ஸ்வர வரிசை நம் கரகரப்ரியா ராகத்தின் ஸ்வரங்கள்தான். பதினாறு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) அதிலேயே போகும். அடுத்த எட்டு பாருக்கு எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கும். அந்த இடம் வந்ததும் "தம்புராவையே தூக்கி வேற எடத்துல வெச்சுட்டானே!" என்று சிரித்தார். நான் எத்தனையோ ஜாஸ் விமர்சனம் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இன்னும் இருக்கிறது. சுருதிப் பெட்டியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் பக்கம் எந்தச் சுருதியிலும் சரியாக உட்காரவில்லை, ஒரு இழை தூக்கலாகவே நின்றது. தட்டைத் திருப்பினால் இரண்டாம் பக்கம் கச்சிதம். "மெஷின் கோளாறு" என்றார். கோளாறுதான், ஆனால் என் மெஷினில் இல்லை! 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிந்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி ஏறிவிடும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 அன்று பதிவானது, அதில் பிரச்சினை இல்லை. கம்பெனி இதைச் சரிசெய்து வெளியிட்டது 1992இல்தான். மாமனார் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்டது ஒரு டம்ளர் காபி நேரம்.

இப்போது அந்த எல்பியில் சாக்ஸபோன் வாசித்த கோல்ட்ரேனின் தட்டு ஏதாவது வந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். ஆனால் பியானோ மட்டும் பிடிக்காது. கமகம் இல்லையாம், ஸ்வரத்தை அசைக்கவே முடியாதாம்.

எழும்பூர் கடைசி வரிசை

மேலே சொன்னவர் மாமனாருக்கு என் நமஸ்காரம். எனக்கு நேர்க் கச்சேரிதான் எல்லாம். ரெக்கார்டில் அதே சோலோ எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில்தான் திரும்பும். மேடையில் எங்கே போவார்கள் என்று வாசிக்கிறவருக்கே தெரியாது.

மியூசியம் தியேட்டரில் மூன்று பேர் கொண்ட ஒரு வெளிநாட்டுக் குழு, டேவ் புரூபெக் குழுவின் ஐந்து தட்டுப் பாட்டான 'டேக் ஃபைவ்' வாசித்தது. பக்கத்து சீட் மாமா தொடையில் நம் ஐந்து தட்டுத் தாளமான கண்டசாபு போட ஆரம்பித்தார். இடறியது. கண்டசாபு 'தக தகிட', இந்தப் பாட்டு 'தகிட தக', மூன்று முதலில், இரண்டு அப்புறம். ரெண்டு ஆவர்த்தனம் உதட்டைக் கடித்தபடி பார்த்துவிட்டு மாற்றிப் போட்டார், கப்பென்று உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு மனிதரை அசைக்க முடியவில்லை.

அசைந்தவர்கள் மற்றவர்கள்தான். டிரம் சோலோ ஆரம்பித்ததும் முன் வரிசையில் ஏழெட்டுப் பேர் எழுந்து வெளியே போனார்கள். தனி ஆவர்த்தனம் என்றால் கேன்டீன் என்று கால்கள் பழகிவிட்டன போல! டிரம்மர் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

இதே ஊருக்கு 1958இல் அந்த அமெரிக்க பியானோக்காரர் புரூபெக்கின் குழு வந்திருக்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை அவர்கள் கேட்டதும் அப்போதுதான். 'டேக் ஃபைவ்' பதிவானது அடுத்த வருஷம். ஒன்றிலிருந்துதான் இன்னொன்று வந்தது என்று நம்மவர்கள் சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம், புரூபெக் துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது தட்டுத் தாளத்தையும் அதே ஆல்பத்தில் வைத்திருக்கிறார்.

சாக்ஸ்பிரியை

நான் தலைகீழ். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் கேட்டு வளர்ந்ததால் சாக்ஸபோன் என்றாலே கமகம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல்முறை ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் கேட்டபோது எப்போதுதான் மூச்சு விடுவார் என்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாலம் வேண்டுமென்றால் கத்ரியும் அமெரிக்க ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' கேளுங்கள், 2008இல் வந்தது. இரண்டுமே ஆல்டோ சாக்ஸ், எது யார் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

மாம்பலம் சார், அந்த எல்பியை எந்த ஊசியில் ஓட்டுகிறீர்கள்? என்னுடையது தேய்ந்து கரகரக்கிறது.

மாம்பலம் மாப்பிள்ளை

ஆடியோ டெக்னிகா. ஆன்லைனில்தான் வாங்கினேன். பொருத்தும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள், ரொம்பச் சின்ன சாமான், பறந்தால் கிடைக்காது.