கிளெஃபேபிள் எந்த வேடத்தில் வருகிறது: களத்தில் பட்டதும் கற்றதும்

ஆறு உயிரிகள் கொண்ட அணிகள் மோதும் போகிமான் வீடியோ ஆட்டப் போட்டிகளில் பல வேலைகளைச் செய்யக்கூடிய உயிரி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் கிளெஃபேபிளைச் சொல்வேன். அதன் எண்கள் யாரையும் மிரட்டுபவை அல்ல. அடிப்படை உயிர்ப்புள்ளி 95, தாக்குதல் 70, தற்காப்பு 73, சிறப்புத் தாக்குதல் 95, சிறப்புத் தற்காப்பு 90, வேகம் வெறும் 60. ஆனால் 2013ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ், ஒய் ஆட்டங்களில் அது நார்மல் வகையிலிருந்து ஃபேரி வகைக்கு மாற்றப்பட்டபோது, டிராகன் வகைத் தாக்குதல் எதுவும் அதைத் தொட முடியாது என்ற நிலை வந்தது. பலவீனம் என்று சொல்ல ஸ்டீல், பாய்சன் ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே மிஞ்சின. அத்துடன் அது கற்கக்கூடிய மூவ்களின், அதாவது ஆட்டச் செயல்களின், பட்டியல் மிக நீளமானது. எதிரியின் பக்கம் இறங்கும் ஒவ்வோர் உயிரியையும் குத்தும் ஸ்டெல்த் ராக் இடலாம், தண்டர் வேவ் கொண்டு எதிரியை முடக்கலாம், சாஃப்ட்பாயில்டால் பாதி உயிரை மீட்கலாம், காம் மைண்டால் பலமேற்றிக்கொண்டு மூன்பிளாஸ்டால் அடிக்கலாம்.

இத்தனையும் முடியும் என்பதால் இத்தனையையும் ஒரே கிளெஃபேபிளிடம் ஒப்படைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. ஸ்டெல்த் ராக், தண்டர் வேவ், காம் மைண்ட், மூன்பிளாஸ்ட் என்று நான்கு இடங்களையும் நிரப்பியிருந்தேன். உயிரை மீட்கும் மூவுக்கு இடமே இல்லை. ராக் இடும் வேலையை முடிப்பதற்குள் அது பாதி உயிரை இழந்திருக்கும். அதன் பிறகு காம் மைண்ட் செய்ய முற்பட்டால் அடுத்த அடியிலேயே விழுந்துவிடும். பத்துப் பதினைந்து ஆட்டங்கள் தோற்ற பிறகு, பல வேலை தெரிந்தவனை அமர்த்தினாலும் ஒரு நாளைக்கு ஒரு வேலைதான் வாங்க முடியும் என்பது எனக்கு உறைத்தது.

இரண்டாவது அனுபவம் எதிராளியின் கிளெஃபேபிளிடம் பட்டது; அதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறியாதவர்களுக்காக ஒரு வரி: இந்த உயிரிக்குப் போட்டியில் பயன்படும் திறன்கள் இரண்டு. மேஜிக் கார்டு இருந்தால், நேரடித் தாக்குதலைத் தவிர வேறு எதனாலும் அதன் உயிர் குறையாது. நஞ்சு, தீக்காயம், மணற்புயல், ஸ்டெல்த் ராக் எல்லாம் வீண். அன்அவேர் இருந்தால், எதிரி தன்மேல் ஏற்றிக்கொண்ட பலத்தை அது கண்டுகொள்வதே இல்லை. ஓர் உயிரிக்கு ஒரு திறன்தான். அது எது என்பது களத்தில் இறங்கும்போது அறிவிக்கப்படுவதில்லை.

அந்த ஆட்டத்தில் நான் முதலிலேயே ஸ்டெல்த் ராக் இட்டிருந்தேன். நான்காம் சுற்றில் எதிராளி கிளெஃபேபிளை இறக்கினார். அதன் உயிர்க்கோடு 88 விழுக்காட்டுக்கு இறங்கியது. சுற்றின் முடிவில், அது ஏந்தியிருந்த ஒரே பொருளான, சிறிது சிறிதாக உயிரை மீட்கும் லெஃப்ட்ஓவர்ஸ் அதை 94க்கு ஏற்றியது. பார்த்தேன். பார்த்ததோடு சரி. எட்டில் ஒரு பங்கு உயிரை ராக்கிடம் இழக்கும் கிளெஃபேபிளுக்கு மேஜிக் கார்டு இருக்க முடியாது என்பதை அந்த நொடியிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். மாறாக, அவருடைய மற்ற ஐந்தும் வேகமாக அடித்து ஆடும் உயிரிகளாக இருந்ததால், இதுவும் அடியைக் கூட்டும் லைஃப் ஆர்ப் ஏந்திய மேஜிக் கார்டு வகைதான் என்று அணிகளைப் பார்வையிடும்போதே முடிவு கட்டியிருந்தேன். லெஃப்ட்ஓவர்ஸ் கண்முன்னே வேலை செய்த பிறகும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏறக்குறைய இருபதாம் சுற்றில் என் டிராகனைட்டுக்கு வாய்ப்பு வந்தது. முழு உயிரில் வாங்கும் அடியைப் பாதியாக்கும் மல்டிஸ்கேல் திறன் குலையாமல், முழு உயிருடன், இரண்டு முறை டிராகன் டான்ஸ் செய்து தாக்குதலை இரட்டிப்பாக்கினேன். அப்போது அறுபது விழுக்காடு உயிருடன் கிளெஃபேபிள் எதிரே வந்தது. இரட்டிப்பான டூயல் விங்பீட் அதை ஒரே அடியில் வீழ்த்த வேண்டும் என்பது என் கணக்கு. விழுந்த அடியோ பலமேற்றாத டிராகனைட் அடிக்கும் அடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சாஃப்ட்பாயில்ட் ஒரே தடவையில் பாதியை மீட்டுத் தருகிறது. நான் எடுப்பதைவிட அது திரும்பப் பெறுவது அதிகம். மூன்றாவது மூன்பிளாஸ்டில் என் டிராகனைட் விழுந்தது, அதோடு ஆட்டமும்.

அன்றிலிருந்து நான் நம்புவது இது: பன்முக உயிரியின் வேடத்தை அது தானாகக் கலைப்பது அரிது, கூட நிற்கும் ஐந்து பேர்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறார்கள். 2010இல் ஐந்தாம் தலைமுறையில் இரு அணிகளையும் முன்கூட்டியே பார்க்கும் வசதி வந்த பிறகு, எதிராளி நம் கிளெஃபேபிளைப் படிப்பது நம் மற்ற ஐந்தின் வழியாகத்தான். என் எதிராளி அந்த ஐந்தையே பொய் சொல்ல வைத்தார். உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

டிராகனைட் கதையைப் படித்ததும் எனக்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நண்பர் அன்அவேரால் அடிபட்டவர். நான் அன்அவேரை நம்பிக் கெட்டவன்.

பலமேற்றி ஆடும் எந்த எதிரிக்கும் என் அணியில் கிளெஃபேபிள் ஒன்றே போதும் என்று நினைத்து, மற்ற ஐந்தையும் வேறு வேலைகளுக்கு ஒதுக்கியிருந்தேன். எதிராளி எக்ஸ்கட்ரில்லை இறக்கியபோது திரையில் மோல்டு பிரேக்கர் என்ற அறிவிப்பு வந்தது. அது வழக்கமாக மிதக்கும் உயிரிகளை எர்த்குவேக்கால் தாக்குவது பற்றிய செய்தி என்று மட்டுமே எனக்குத் தெரியும்; மிதக்கும் ரோட்டம் என்னிடம் இல்லாததால் அலட்சியமாக இருந்துவிட்டேன். அது சுவார்ட்ஸ் டான்ஸ் செய்த சுற்றில் நிம்மதியாகக் கிளெஃபேபிளை உள்ளே கொண்டுவந்தேன். அடுத்த சுற்றில் வந்த ஐயர்ன் ஹெட், இரட்டிப்பான முழு வலிமையோடு விழுந்தது. முழு உயிருடன் இருந்த கிளெஃபேபிள் அப்படியே சாய்ந்தது.

மோல்டு பிரேக்கர் தடையாக நிற்கும் திறன்களை ஒதுக்கிவிட்டுத் தாக்கும். அந்தப் பட்டியலில் மிதக்க வைக்கும் லெவிடேட் மட்டுமல்ல, அன்அவேரும் உண்டு. மோல்டு பிரேக்கர் இல்லாதிருந்தால் அந்த ஒரு அடியை என் கிளெஃபேபிள் தாங்கியிருக்கும், ஏனென்றால் எண்களை உயர்த்த நாம் பகிர்ந்தளிக்கும் முயற்சிப்புள்ளிகளில் 252ஐத் தற்காப்பில் கொட்டியிருந்தேன். நண்பர் பார்த்த அறிகுறி ஓர் உயிர்க்கோட்டில் ஒளிந்திருந்தது. எனக்கோ எழுத்திலேயே எழுதிக் காட்டினார்கள், அப்படியும் தவறவிட்டேன். மணற்புயல் அணியில் வரும் எக்ஸ்கட்ரில் பெரும்பாலும் புயலில் வேகம் கூட்டும் சேண்ட் ரஷ் திறனோடு வரும், அப்போது இந்த அறிவிப்பு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வராமலிருப்பதும் ஒரு செய்தியே.

* * *

இங்கே எல்லோரும் அடி தாங்கும் கிளெஃபேபிளைப் பற்றியே பேசுவதால், அடிக்கும் கிளெஃபேபிளுக்காக நான் வாதாட வேண்டியிருக்கிறது.

லைஃப் ஆர்ப் தாக்குதலை 30 விழுக்காடு உயர்த்தும். பதிலுக்கு ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு உயிரைப் பிடுங்கும். மேஜிக் கார்டு இருந்தால் அந்தக் கட்டணம் கிடையாது. நான் வைத்திருப்பது மூன்பிளாஸ்ட், ஃபிளேம்துரோவர், காம் மைண்ட், சாஃப்ட்பாயில்ட். இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி சைஸர் உள்ளே வருவது. ஃபேரியைக் கண்டதும் ஸ்டீல் வகை அடியான புல்லட் பஞ்ச்சோடு ஓடிவரும் அதற்கு நெருப்பு நான்கு மடங்கு ஆபத்து. வரும் சுற்றிலேயே ஃபிளேம்துரோவரை ஏவிவிட்டால் அது களத்தில் காலூன்றுவதற்குள் போய்விடும். ஆனால் இந்த விருந்து ஓர் ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதன்பின் எதிராளி ஸ்டீல் வகைகளைப் பொத்திப் பொத்தி வைப்பார். அதுவும் எனக்கு லாபமே, ஏனெனில் வெளியே வராத ஸ்டீல் உயிரி யாருக்கும் தடுப்பாக இருக்காது.

இன்னொன்றும் உண்டு. நஞ்சூட்டும் டாக்ஸிக்கை எதிராளி ஏவுவார் என்று தெரிந்தால் நான் கிளெஃபேபிளை வேண்டுமென்றே அதன் முன்னால் நிறுத்துவேன். மேஜிக் கார்டுக்கு நஞ்சால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஏற்கெனவே நஞ்சேறியதற்கு உறக்கமோ முடக்கமோ வராது என்பதால், உறங்க வைக்கும் ஸ்போர் வீசும் அமூங்குஸ் முன்பு அது அச்சமின்றி நிற்கும். மேஜிக் கார்டு முடக்கத்தைத் தடுக்காது என்பதை மறந்து தண்டர் வேவிடம் அகப்பட்ட பிறகுதான் இந்த நஞ்சின் அருமை எனக்குத் தெரிந்தது. நஞ்சு நமக்குத் தடுப்பூசி போல.

வேகம் பற்றி ஒரு சிறு குறிப்பு. நூறாம் நிலையில், வேகத்துக்குப் புள்ளி எதுவும் செலவிடாத கிளெஃபேபிளின் வேகம் 156. இரண்டு கிளெஃபேபிள்கள் எதிரெதிரே நின்றால் யார் முதலில் என்பது நாணயம் சுண்டுவதுதான். எட்டு முயற்சிப்புள்ளிகளை வேகத்தில் போட்டு 158 ஆக்கியதால் மட்டும் நான் வென்ற ஆட்டங்கள் உண்டு.

* * *

எல்லோரும் புகழ்வதால் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். மூவ் பட்டியல் நீளம் என்பது உண்மை. ஆனால் இடம் நான்குதான். மூன்பிளாஸ்டும் சாஃப்ட்பாயில்டும் கட்டாயம் என்று கொண்டால் மிச்சம் இரண்டு. ஃபிளேம்துரோவர் வைத்தால் சைஸரும் ஃபெரோத்தோர்னும் அஞ்சும், ஆனால் ஹீட்ரான் சிரித்துக்கொண்டே வரும். ஃபிளாஷ் ஃபயர் திறனுள்ள அதற்கு நம் நெருப்பே உணவு, மூன்பிளாஸ்டோ கால் பங்குதான் உறைக்கும். ஹீட்ரானுக்காக ஃபோகஸ் பிளாஸ்ட் வைத்தால், 70 விழுக்காடு துல்லியமுள்ள அந்த மூவ் தேவைப்படும் நேரத்தில் தவறும் என்பது அனைவரும் அறிந்த ஒன்று. மின்சாரத்துக்கு அஞ்சும் டாக்ஸாபெக்ஸுக்காகத் தண்டர்போல்ட் வைத்தால் மற்ற இரண்டு கதவுகளும் திறந்துவிடும். எனவே எல்லாவற்றையும் செய்யும் உயிரி என்று சொல்வதைவிட, எதைச் செய்யாமல் விடுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வதே நேர்மை. ஆறாவது இடத்தை நான் கடைசியில்தான் நிரப்புகிறேன். மற்ற ஐந்தும் எந்த ஸ்டீல் உயிரியைச் சமாளிக்கின்றன என்று பார்த்து, சமாளிக்காததைக் கிளெஃபேபிளிடம் விடுகிறேன். ஹீட்ரானுக்கு நிலவகை ஒன்று அணியில் இருந்தால் ஃபிளேம்துரோவர் போதும்.

* * *

ஒரே நேரத்தில் இரண்டு உயிரிகளை இறக்கும் இரட்டையர் ஆட்டம் ஆடுபவன் என்ற முறையில் சிறிதாகச் சொல்கிறேன். அங்கே கிளெஃபேபிளின் வேலை ஃபாலோ மீ: எதிரிகள் தோழனைக் குறிவைக்கும் தாக்குதலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வது. அமூங்குஸின் ரேஜ் பவுடர் புல் வகைத் தாக்குநரைத் திருப்பாது. ஃபாலோ மீ திருப்பும். ஆனால் ராக் ஸ்லைடு போல இருவரையும் ஒருசேரத் தாக்கும் மூவ்களை எதுவும் இழுக்க முடியாது. இதை மறந்து தோழனை இழந்தது என் சொந்த அனுபவம். பிறகு நான் பரிணாமம் அடையாத கிளெஃபேரிக்கே மாறிவிட்டேன். ஈவியோலைட் என்ற பொருள் அதன் இரு தற்காப்புகளையும் ஒன்றரை மடங்காக்குகிறது. ஃபிரெண்ட் கார்டு திறன் தோழன் வாங்கும் அடியில் கால் பங்கைக் குறைக்கிறது. ராக் ஸ்லைடுக்கும் அது பொருந்தும்.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். ஆறாவது இடத்தைக் கடைசியில் நிரப்பும் நண்பரின் வழியைச் சிறிது திருகி முயன்றேன். மற்ற ஐந்தையும் மெதுவான, அடி தாங்கும் உயிரிகளாக, பலமேற்றி வரும் எதிரிக்குத் தெளிவான விடை எதுவும் இல்லாதவையாக அமைத்தேன். பார்ப்பவர் எவரும், இந்த அணி மூச்சுவிடுவதே அன்அவேர் கிளெஃபேபிளை நம்பித்தான் என்று நினைப்பார். உள்ளே வைத்ததோ மேஜிக் கார்டும் லைஃப் ஆர்ப்பும். ஆபத்தான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. எதிராளி நம்பாமல் டிராகன் டான்ஸ் செய்துவிட்டால் என்னிடம் பதில் கிடையாது.

நேற்றைய ஆட்டத்தில் எதிரே ஒரு டிராகனைட் இருந்தது. என் பக்கம் ராக் விழுந்தபோதெல்லாம் வேறோர் உயிரியின் டீஃபாக் மூலம் துடைத்துக்கொண்டே இருந்தேன். ராக்கின் மேல் ஒருமுறை இறங்கினால் உயிர் குறையாதது வேடத்தைக் கலைத்துவிடும் அல்லவா. முப்பது சுற்றுகளுக்கு மேல் நீண்ட ஆட்டத்தில் அந்த டிராகனைட் நான்கு முறை களத்துக்கு வந்தது. நான்கு முறையும் வெறுமனே அடித்துவிட்டுத் திரும்பியது, டான்ஸ் ஒன்றுகூட இல்லை. கடைசியில் டீஃபாக் செய்பவன் விழுந்துவிட்டதால் கிளெஃபேபிளை ராக்கின் மேலேயே இறக்க வேண்டியதாயிற்று. உயிர்க்கோடு அசையவில்லை. எதிராளி அடுத்த மூவைத் தேர்ந்தெடுக்க வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டார். அப்போது அவரிடம் மிஞ்சியிருந்தது, மல்டிஸ்கேல் குலைந்து, பாதி உயிருடன் நின்ற அந்த டிராகனைட் மட்டும்தான்.