பேர்ள் ஹாபர் படம்: காதல் ஒட்டியதா?

கிளிநொச்சி வாசகி:
1941இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹாபரை ஜப்பான் குண்டுவீசித் தாக்கியதைப் பற்றி 2001இல் வந்த பேர்ள் ஹாபர் படத்தை நேற்று மூன்று மணிநேரம் இருந்து பார்த்து முடித்தேன். குண்டுவீச்சு உலுக்கிவிட்டது, ஆனால் முன்னும் பின்னும் வரும் காதல் மனதில் ஒட்டவே இல்லை. உங்களுக்கு எப்படி?

முல்லைத்தீவு:
எனக்கும் அதே, தங்கச்சி. தாதி உதட்டுச்சாயத்தை எடுத்து காயக்காரரின் நெற்றியில் எழுதுகிறாளே, யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிபிர் போர் விமானங்கள் குண்டு அடித்த நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். அவளுடைய காதலைவிட அந்தக் கை நடுங்கியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மாங்குளம்:
எனக்கு வரலாற்றில்தான் கோபம். 1942 ஏப்ரலில் அமெரிக்கப் படை அதிகாரி டூலிட்டில் தலைமையில் ஜப்பானைத் தாக்கப் போன 16 விமானங்களும் பி-25 குண்டுவீச்சு விமானங்கள், ஓட்டியவர்களும் அதிலேயே பழகியவர்கள். படத்திலோ சண்டை விமானம் ஓட்டிய நாயகர்கள் இரண்டு பேரும் அதில் ஏறிப் போகிறார்கள். அப்புறம் டோரி மில்லர். பேர்ள் ஹாபரில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் சமையல்கட்டில் வேலை செய்த கறுப்பினத்தவர், பழக்கமே இல்லாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார், அதற்கு அமெரிக்கக் கடற்படையின் வீரப் பதக்கமான நேவி குரொஸும் கிடைத்தது. உண்மையில் நடந்த கதை. அவருக்குப் படத்தில் கொஞ்ச நேரம்தான், முக்கோணக் காதலுக்கோ மணிக்கணக்கு!

கிளிநொச்சி வாசகி:
சரி அண்ணை, மில்லர் உண்மையான ஆள் என்று இப்போதுதான் தெரியும். இன்றிரவு அந்தப் பகுதியை மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.