நாவலையும் வரலாற்றையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

வள்ளியாறு:
கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் கூரை மாற்றினோம். வேலை முடிந்து புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, மழைக்கு முன்னால் உள்ளே சேர்த்தால் போதும் என்று கைக்கு வந்தபடி அடுக்கினோம். அதனால் நாவல், கட்டுரை, விவசாயம், வாழ்க்கை வரலாறு எல்லாம் இப்போது கலந்து நிற்கின்றன. இதைப் பழையபடி ‘கதை’, ‘கதையல்லாதவை’ என்று பிரிக்க வேண்டும் என்பது கமிட்டியில் பலருடைய கருத்து. நான் வேண்டாம் என்கிறேன்.

முன்பெல்லாம் வருகிறவர்கள் நேராகத் தங்கள் அலமாரிக்குப் போவார்கள், ஒன்றை எடுப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இப்போது நின்று தேடுகிறார்கள். நாவலுக்கு வந்த பெண் தென்னை வளர்ப்பைப் புரட்டுகிறார். வங்கித் தேர்வுக்குக் கணக்குப் புத்தகம் தேடிய பையன் சிறுகதைத் தொகுப்போடு போகிறான்.

இதை அப்படியே விடச் சொல்லவில்லை. பொருள் வாரியாகச் சேர்ப்போம்: கடல், வயல், மலை, திருவிதாங்கூர்க் காலம், தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்குப் பிறகு. ஒவ்வொன்றிலும் கதையும் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் மக்களுக்குப் போகிற மருமக்கள்வழிக் குடும்பத்தில், ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாவது மனைவி புலம்புவதாக எழுதிய பாட்டு அது, கற்பனைதான். ஆனால் 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சொத்துரிமைக்குச் சட்டம் வந்தது ஏன் என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் இல்லை. கவிதை அலமாரியில் ஒதுங்கிக் கிடந்தால் சட்டம் படிக்கிற பிள்ளை அதைப் பார்க்கவே போவதில்லை. நாஞ்சில் நாடன் அதே சமூகத்தைப் பற்றிக் கட்டுரை நூலும் எழுதியிருக்கிறார், நாவல்களும் எழுதியிருக்கிறார். அவற்றை எதற்கு இரண்டு மூலையில் வைக்க வேண்டும்?

பழையாற்றங்கரை:
நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பல வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போவோம். அங்கே போனதும் சுபத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். சுபத்திரை சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலில் வருகிற பாத்திரம். அது மலையாள நாவல், தமிழிலும் வந்திருக்கிறது. நாவல் அருமையானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது எழுதப்பட்டு நூறு வருடத்துக்கு மேலான பிறகும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசுகிறவர்கள் பாதிப்பேர் நாவலைத்தான் பேசுகிறார்கள், தாங்கள் வரலாறு பேசுவதாக நம்பிக்கொண்டு.

அதற்கு நேர்மாறாக, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி, பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கியவர், 1777இல் இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். போய்த் தொட்டுப் பார்க்கலாம். அது சான்று. அதை ஆராய்ந்து எழுதிய நூலையும் சுபத்திரையையும் ஒரே தட்டில் வைத்தால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு எது என்ன என்று யார் சொல்வது? பெரியவர்களுக்குத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். அதுவும் சந்தேகம்தான்.

முட்டம் கலங்கரை:
சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஒன்று கேட்கட்டுமா? கடற்கரையில் பிறந்த நான் எங்கள் வாழ்க்கையை எந்த வரலாற்றுப் புத்தகத்தில் போய்த் தேட வேண்டும்?

நாகம் ஐயா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் 1906இல் வந்தது. எழுதியவர் சமஸ்தானத்து அதிகாரி, சமஸ்தானத்துக்காக எழுதினார். அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் ஒரு கரையில் முதலாளிக்கு முன்னால் ஆட்கள் எப்படி நின்றார்கள், ஒரு பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று ஊரே ஏன் மல்லுக்கட்டியது என்பதெல்லாம் அந்த மாதிரிப் புத்தகத்தில் வராது. தேங்காப்பட்டணத்துக்காரர் தோப்பில் முகமது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் எழுதினார், 1988இல். நான் அதைப் படித்தபோதுதான் கடற்கரையும் புத்தகத்துக்குள் வர முடியும் என்றே எனக்குப் புரிந்தது. நான் வேறு சமூகம், வேறு ஊர். இருந்தாலும் அந்த உப்பு எனக்குத் தெரிந்த உப்பு.

எழுதி வைக்க ஆளில்லாத சனங்களுக்குக் கதைதான் ஆவணம். அதை ‘கற்பனை’ என்று பலகை மாட்டித் தனியே தள்ளினால் எங்களை மறுபடியும் வெளியே நிறுத்துகிற மாதிரிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு எங்கள் பிள்ளைகள் புயலைப் பற்றியும், மீன்பிடிச் சட்டத்தைப் பற்றியும், வானிலை எச்சரிக்கை ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எப்படி எட்டாமல் போகிறது என்பதைப் பற்றியும் தேடித் தேடி வாசிக்கிறார்கள். கடல் என்று ஒரு தட்டு இருந்து, அதில் எல்லாம் ஒன்றாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நூலக மேஜை:
அரசு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு பக்கமும் உணர்ச்சியோடு பேசுகிறீர்கள். அடுக்குகிற வேலையின் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

நூலகங்களில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற தசம வகைப்பாட்டை மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டார். அதில் தமிழ்க் கவிதைக்கு 894.8111, தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. ரப்பர் சாகுபடி 633இல் போகும். அதாவது இலக்கியத்துக்கு அங்கே பொருள் முக்கியமில்லை, மொழியும் வடிவமும்தான். கடலைப் பற்றிய நாவலும் கல்யாணத்தைப் பற்றிய நாவலும் ஒரே எண்ணில் நிற்கும். இதில் வள்ளியாறு தம்பியின் மனக்குறை நியாயமானதுதான். நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முந்திய நம்முடைய கதை பெரும்பாலும் திருவிதாங்கூர் நூல்களில் கிடக்கிறது. ஆகவே ஒரே ஊரின் வரலாறு இரண்டு எண்களில் பிரிந்து போகும். வேலையில் இருந்த காலம் முழுக்க இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இத்தனை இருந்தும் நான் பிரித்து வைக்கும் பக்கம்தான். காரணம், உங்கள் படிப்பகத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள், எது எங்கே என்று உங்களுக்குத் தெரியும். நாளை சாவி வேறொருவர் கைக்குப் போகும். ‘கடல்’, ‘மலை’ என்று நீங்கள் மனசில் போட்ட கோடு அவருக்குத் தெரியாது. ஒரு நாவலில் கடலும் இருக்கும், சாதியும் இருக்கும், காதலும் இருக்கும். எங்கே வைப்பார்? ஆறு மாதத்தில் எல்லாம் குலைந்துவிடும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நூலக அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது. அதற்கு எண் வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

வள்ளியாறு:
அம்மா, அதே ஐந்தில் மூன்றாவது விதியும் இருக்கிறதே! ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அந்த விதிக்குக் கீழேதான் அவர் திறந்த அலமாரியை வைத்துப் பேசுகிறார். வாசகர் தானே உள்ளே வந்து, கையால் எடுத்துப் புரட்டி, தேடாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அவர் அத்தனை வாதாடினார்.

எங்கள் ஊரில் நேரம் மிச்சமாக வேண்டியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் பெயர் தெரிந்து வருகிறவர்கள் எத்தனை பேர்? பாதிப்பேருக்கு மேல் ‘ஏதாவது நல்லதா இருக்கா’ என்று கேட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு எண் ஒன்றும் செய்யாது. பக்கத்துப் புத்தகம்தான் கூப்பிடும். அப்புறம், குலைந்துவிடும் என்கிற பயம் பெரிய நூலகத்துக்குச் சரி. எங்களிடம் இருப்பது ஏழு அலமாரி.

சுங்கான்கடை தேர்வர்:
அந்த நேரம் மிச்சமாக வேண்டியவர்களில் நானும் ஒருத்தி அண்ணா. குரூப் 2 எழுதுகிறேன். பகலில் கடையில் வேலை, சாயங்காலம்தான் படிப்பகம், எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழக வரலாறு இவை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு போய் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். மேய்ந்து பார்ப்பது நல்ல விஷயம்தான், அதற்கு நேரம் கையில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் அது இல்லை. நீங்கள் சொல்கிற மாதிரி அடுக்கினால் என்னைப் போன்றவர்கள் ஒரு புத்தகத்துக்கு மூன்று அலமாரி தேட வேண்டிவரும்.

மருத்துவப் புத்தகங்களையும் தயவுசெய்து தனியாகவே வையுங்கள். நம் மாவட்டத்தில் வர்மம் பற்றி எத்தனையோ புத்தகம் புழங்குகிறது. வர்மாணி என்கிற வர்ம வைத்தியர் வருகிற கதையும், வர்மச் சுவடி உரையும், இன்றைய எலும்பு முறிவு சிகிச்சை நூலும் ஒரே தட்டில் இருந்தால் வீட்டில் யாராவது எதையாவது படித்துவிட்டுக் கையை வைப்பார்கள். பயமாக இருக்கிறது.

குலசேகரம் ரப்பர்:
தங்கச்சி சொன்னது சரி. தேர்வும் மருந்தும் தனியாக இருக்கட்டும். மற்றது கலக்கட்டும்.

எனக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மழைக்காலத்தில் பால் வெட்டுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பார்க்கத்தான் முதலில் நூலகத்துக்கே போனேன். சாகுபடிக் கையேட்டுக்குப் பக்கத்தில் யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன ஜெயமோகனின் ‘ரப்பர்’ நாவல் இருந்தது, 1990இல் வந்தது. தலைப்பைப் பார்த்து அதுவும் விவசாயப் புத்தகம் என்று எடுத்துவிட்டேன். கையேடு ஒரு மரத்தை எப்படி வெட்டுவது என்று சொன்னது. நாவல் அந்த மரத்தை நடுவதற்காக இந்த மலையடிவாரத்தில் என்னவெல்லாம் வெட்டப்பட்டது, யாரெல்லாம் ஏறினார்கள், யாரெல்லாம் இறங்கினார்கள் என்று சொன்னது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பிரித்து வைத்திருந்தால் நாவல் பக்கமே நான் போயிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் நாவல் படிக்கிற பழக்கம் கிடையாது.

பழையாற்றங்கரை:
ரப்பரைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். மரத்தைப் பற்றி நாவல் ஒன்று சொன்னால் தோட்டத்தில் போய்ச் சரிபார்க்கலாம். மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட விஷயத்தில்தான் எனக்கு அச்சம்.

1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தை எடுத்துக்கொள்வோம். அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. பொன்னீலனின் ‘மறுபக்கம்’ அதைப் பின்னணியாகக் கொண்ட நாவல். இரண்டையும் அருகருகே வைத்தால் வாசகர் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று வள்ளியாறு சொல்வார். ஒப்பிடுகிறவர் எத்தனை பேர்? அறிக்கை வறண்ட மொழியில் இருக்கும், நாவல் கையைப் பிடித்து இழுக்கும். எதை எடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இரண்டு பக்கமும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் படிப்பகத்துக்குள் வருகிறார்கள். கையில் எடுக்கும்போதே ‘இது ஒரு எழுத்தாளர் கண்ட கோணம்’ என்ற அறிவு அவர்களுக்கு இருந்தாக வேண்டும். அலமாரிப் பலகை அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. அதை ஏன் எடுக்கிறீர்கள்?

முட்டம் கலங்கரை:
சார், அந்தப் பேரப்பிள்ளைகளில் நானும் உண்டு. எங்கள் வீட்டில் அந்த வருடத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அறிக்கையை மட்டும் வாசித்தால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று தெரியும். எதிர்ப்பக்கத்து வீட்டு அம்மாவும் ராத்திரி முழுக்கப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதை நினைத்துப் பார்க்க வைப்பது கதைதான். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாவலை எடுத்தவன் கை எட்டுகிற தூரத்தில் அறிக்கையும் இருந்தால்தானே என்றைக்காவது அதையும் எடுப்பான்? வேறு அறையில் இருந்தால் எடுக்கவே மாட்டான்.

நூலக மேஜை:
இதற்கு வேலைக்கு ஆகிற வழி ஒன்று உண்டு. வரவுப் பதிவேட்டில் எண்ணை வழக்கமான முறையிலேயே போடுங்கள். அது மாறவே கூடாது. புத்தகத்தின் முதுகில் ஒட்டுகிற சீட்டில் மட்டும் கதைக்கு ஒரு நிறம், மற்றதற்கு ஒரு நிறம். அடுக்குவது எப்படி இருந்தாலும், எடுக்கிறவர் கண்ணுக்கு நிறம் தெரியும். நாளை சாவி கைமாறினாலும் பதிவேட்டைப் பார்த்து ஒரே நாளில் பழைய வரிசைக்குத் திருப்பிவிடலாம். மான்மியம் மாதிரி இரண்டிலும் கால் வைத்திருப்பவற்றுக்கு உள்ளட்டையில் இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள்: யார் எழுதியது, எப்போது, எதைப் பின்னணியாகக் கொண்டது. அந்த இரண்டு வரியைப் பழையாற்றங்கரை சார் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

வள்ளியாறு:
ஏற்கிறேன். கமிட்டியிலும் பேசிவிட்டேன். தேர்வு, சட்டம், மருத்துவம் மூன்றும் வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் தனியாக இருக்கும், கதை எதுவும் அதில் வராது. நம் மாவட்டம் பற்றியவை இரண்டு அலமாரிகளில் பொருள் வாரியாகக் கலந்திருக்கும். மற்ற நாவல்கள் எழுத்தாளர் பெயர் வரிசையில். குழந்தைகள் புத்தகங்களை நாங்கள் பிரிக்கவே போவதில்லை. அங்கே நட்சத்திரம் பற்றியதும் நரிக்கதையும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும், அதில் யாரும் என்னை மாற்ற முடியாது.

சார், உள்ளட்டைக் குறிப்புகளுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

பழையாற்றங்கரை:
எழுதித் தருகிறேன். ஆனால் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் திருவிதாங்கூர்த் தட்டுக்குப் போகக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. நிறச் சீட்டு போதாது. அது எழுத்தாளர் வரிசையிலேயே நிற்கட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள், நேரில் வந்து சொல்கிறேன்.

குலசேகரம் ரப்பர்:
கூட்டம் என்றைக்கு என்று இங்கேயே போடுங்கள். நானும் வருகிறேன்.