குளோன் செய்த விஎம் எல்லாம் ஒரே ஐபி வாங்குகிறது, யூசர்-டேட்டாவையும் மதிப்பதில்லை

கேள்வி:
கேவிஎம், லிப்விர்ட் வைத்து விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) ஓட்டுகிறேன். உபுண்டு 22.04 கிளவுட் இமேஜை ஒருமுறை பூட் செய்து, டாக்கர் போட்டு, ஷட்டவுன் செய்தேன். அந்த க்யூகவ்2 டிஸ்க் கோப்பை நகலெடுத்துத்தான் மற்ற விஎம்களை உருவாக்குகிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி சீட் ஐஎஸ்ஓ (மெட்டா-டேட்டா, யூசர்-டேட்டா என்ற அமைப்புக் கோப்புகள் உள்ள வட்டு), தனி ஹோஸ்ட்நேம். ஆனால் எல்லாம் முதல் விஎம்மின் பெயரோடுதான் எழுகின்றன. மேக் முகவரி வேறு வேறு, ஐபி மட்டும் ஒன்றே. முதல் பூட்டில் விஎம்மை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் உடைந்துவிட்டதா?

மறுமொழி 1:
உடையவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்கிறது. மெட்டா-டேட்டாவில் இன்ஸ்டன்ஸ்-ஐடி என்ன வைத்திருக்கிறீர்கள்? எல்லா ஐஎஸ்ஓவிலும் ஒன்றே இருந்தால், 'இந்த மெஷினை ஏற்கெனவே பார்த்தாயிற்று' என்று ஹோஸ்ட்நேம், யூசர், ரன்சிஎம்டி (ஓட்ட வேண்டிய கட்டளைகள்) எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். 'முதல் பூட்' என்பதை அது முடிவு செய்வதே இந்த ஐடியை வைத்துத்தான்.

ஐபி கதை வேறு. உபுண்டு சர்வரில் டிஹெச்சிபி மூலம் ஐபி கேட்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது மேக் முகவரியைக் காட்டாமல், மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் காட்டும். நகலெடுத்த டிஸ்க்கில் மெஷின்-ஐடியும் நகல்தானே, ஐபி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் பாவம் என்ன செய்யும்! தாய் இமேஜை ஷட்டவுன் செய்யும் முன் 'கிளவுட்-இனிட் கிளீன் --லாக்ஸ் --மெஷின்-ஐடி' ஓட்டுங்கள். பழைய பதிப்பில் கடைசி ஆப்ஷன் இல்லை. அப்போது மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்தால் போதும். கோப்பையே அழித்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
விர்ட்-சிஸ்ப்ரெப் என்ற கருவி மெஷின்-ஐடியையும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளையும் சேர்த்தே துடைத்துவிடுமே. ஆனால் விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டிஸ்க்கில் ஓட்டினால் டிஸ்க் கெட்டுவிடும்.

கேட்டவர்:
நன்றி, ஐபி பிரிந்துவிட்டது. இன்ஸ்டன்ஸ்-ஐடியை மாற்றியதும் ஹோஸ்ட்நேமும் சரி. ஆனால் யூசர்-டேட்டாவில் எழுதிய யூசர் மட்டும் உருவாகவில்லை. அந்த யாம்ல் கோப்பைப் பலமுறை பார்த்துவிட்டேன், இடைவெளி எல்லாம் சரியாகவே இருக்கிறது.

மறுமொழி 1:
ஹோஸ்ட்நேம் மெட்டா-டேட்டாவிலிருந்து வருகிறது என்றால் சீட் ஐஎஸ்ஓவைப் படித்துவிட்டது, வால்யூம் லேபிள் 'சிஐடேட்டா' சரிதான். அப்படியானால் யூசர்-டேட்டாவின் முதல் வரியைப் பாருங்கள். '#கிளவுட்-கான்ஃபிக்' என்பதில் # குறிக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அது வெறும் கமென்ட். கோப்பையே என்னவென்று தெரியாமல் ஒதுக்கிவிடும். சில எடிட்டர்கள் சேவ் செய்யும்போது 'அழகுபடுத்துகிறேன்' என்று இந்த இடைவெளியைச் சொருகும், எனக்கு அந்த வசதியைக் கண்டாலே ஆகாது. இப்படி ஆனால் வார் லாக் அடைவில் உள்ள கிளவுட்-இனிட் லாகில் 'அன்ஹேண்டில்ட் நான்-மல்டிபார்ட்' என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். இனிமேல் ஐஎஸ்ஓ செய்வதற்கு முன்பே 'கிளவுட்-இனிட் ஸ்கீமா --கான்ஃபிக்-ஃபைல்' கொடுத்துச் சோதித்துவிடுங்கள், விஎம்மை எழுப்பிப் பார்க்கத் தேவையில்லை.

கேட்டவர்:
எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. இடைவெளியை எடுத்துவிட்டு இன்ஸ்டன்ஸ்-ஐடியையும் மாற்றி ஏற்றினேன், யூசர் வந்துவிட்டது. ஒரு சந்தேகம்: ஒவ்வொரு பூட்டிலும் ஓட வேண்டிய கட்டளையை ரன்சிஎம்டியில் போடலாமா?

மறுமொழி 2:
கூடாது, அது இன்ஸ்டன்ஸுக்கு ஒருமுறைதான். ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றால் பூட்சிஎம்டி இருக்கிறது, ஆனால் அது மிகச் சீக்கிரமே ஓடிவிடும், நெட்வொர்க்கை நம்பிய வேலையை அதில் வைக்காதீர்கள். அதற்கு ஒரு சிஸ்டம்டி யூனிட்டை (பூட்டில் ஓடும் சேவைக்கான கோப்பு) யூசர்-டேட்டாவின் ரைட்-ஃபைல்ஸ் பகுதி வழியாக எழுதிவிடுவதுதான் நல்லது.