மூணு வாரம் பழைய டீசல் கார் ஓட்டினேன், இப்போ என் பெட்ரோல் கார் பிடிக்கலை. எனக்கு என்ன ஆச்சு?

கடைசிக்கியர்:

பதினோரு வருஷமா பெட்ரோல் கார்தான் ஓட்டுறேன். டீசல்னாலே லாரிதான் ஞாபகம் வரும். போன மாசம் சித்தப்பா வெளியூர் போனப்போ அவரோட டீசல் செடானை என்கிட்ட விட்டுட்டுப் போனார். 1985 மாடல், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. "வாரத்துல ரெண்டு நாளாவது ஓட்டு, நிறுத்தியே வச்சிருந்தா பேட்டரி செத்துடும்"னு ஒரே ஒரு உத்தரவு.

முதல் நாள் சாவியைத் திருப்பினதும் நேரா செல்ஃப் அடிச்சேன். கர்ர்ருன்னு சுத்துச்சே ஒழிய பிடிக்கலை. அப்புறம்தான் மஞ்சள் சுருள் விளக்கு ஒண்ணு எரியறதும், அது அணையற வரைக்கும் காத்திருக்கணும்ங்கிறதும் தெரிஞ்சது. காத்திருந்து அடிச்சேன், கடகடன்னு பிடிச்சுது. ஐடிலிங்ல சைடு மிரர் நடுங்கற நடுக்கத்துல பின்னாடி வர்ற வண்டி ரெண்டா தெரிஞ்சது. லேசா ஆக்சிலேட்டரைத் தொட்டா ஒண்ணாயிடுச்சு.

வேகம்னு பார்த்தா வெட்கக்கேடு. 100-ஐத் தொடறதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம். ஓவர்டேக் பண்ண முந்தின நாளே முடிவு பண்ணணும். இருந்தும் ரெண்டாவது வாரத்துல இருந்து வீட்டைவிட்டுக் கிளம்பறப்போ என் கை தானா அந்தச் சாவியைத்தான் எடுக்குது. என் பெட்ரோல் கார்ல உட்கார்ந்தா ஏதோ டிவி பார்க்கிற மாதிரி இருக்கு.

ஏத்தத்துல நின்னு கிளம்பறப்போ டீசல் இழுக்குற இழுவை தனி. ஆனா காகிதத்துல பார்த்தா என் பெட்ரோலுக்குத்தான் டார்க் (சுழற்று விசை) அதிகம்! அப்போ நான் உணர்றது நிஜமா, இல்லை பழசுன்னா பிடிக்கிற வியாதியா? ஒண்ணு வாங்கலாமான்னும் ஆசை. திட்டறவங்க திட்டலாம்.

பம்ப்மேஜை:

தம்பி, வியாதி இல்லை. 27 வருஷம் எஃப்.ஐ. பம்ப்பும் (டீசலை அளந்து அனுப்பறது) நாசிலும் (அதை என்ஜினுக்குள்ள பீச்சறது) மட்டுமே பார்த்தவன் நான். உங்க கேள்விக்கு விடை பம்ப்புக்குள்ளேதான் இருக்கு.

காகிதம் பொய் சொல்லலை. டர்போ இல்லாத பழைய டீசலுக்கு அதே அளவு பெட்ரோல் என்ஜினைவிட டார்க் பெரும்பாலும் குறைவுதான். ஊர் முழுக்க இதைத் தப்பா சொல்லிட்டுத் திரியறாங்க. நீங்க உணர்றது கவர்னரை, அதாவது பாரத்துக்குத் தகுந்த மாதிரி டீசலைத் தானா கூட்டிக் குறைக்கிற அமைப்பை.

பழைய கார்புரேட்டர் பெட்ரோல்ல ஐடிலிங்னா என்ன? திராட்டில் (காத்து போற வழியைத் திறந்து மூடற தட்டு) ஒரு சின்ன இடைவெளியில நிக்குது, அவ்வளவுதான். கிளட்ச்சை விட்டீங்கன்னா பாரம் ஏறும், ஆர்.பி.எம். விழும், வண்டி ஆஃப் ஆகும். அதனாலதான் கிளட்ச்சோட சேர்த்து ஆக்சிலேட்டர் கொடுக்கணும். டீசல் பம்ப்புல கவர்னர்னு சுத்துற குண்டுகள் இருக்கு. ஆர்.பி.எம். கொஞ்சம் குறைஞ்சதும் குண்டு உள்ளே சுருங்கும், டீசல் அளவை மாத்தற ராக் கம்பி நகரும், டீசல் தானா கூடும். பாரம் ஏற ஏற அதுவே அதிகமா ஊத்தும். கூடவே ஃப்ளைவீலும் (என்ஜினோட சுத்துற சக்கரம்) கனம். சமதரையில முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்ச்சை மெதுவா விட்டுப் பாருங்க. மூக்கு லேசா தூக்கும், சத்தம் ஒரு படி கனக்கும், நடந்து போற மாதிரி கிளம்பிடும். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அது புரிஞ்சுக்குது. இப்போ வர்ற பெட்ரோல்ல கம்ப்யூட்டர் இதைச் செய்யும், ஆனா அந்தக் கனம் வராது.

இன்னொண்ணு, டீசல்ல காத்தை யாரும் தடுக்கறதில்லை. பெட்ரோல்ல கால் எடுத்தா திராட்டில் மூடும், என்ஜின் காத்துக்கு மூச்சு முட்டி உறிஞ்சும், அதுலயே சக்தி வீணாகும். டீசல்ல காத்து முழுசா உள்ளே வரும், எவ்வளவு டீசல் விடறோம்ங்கிறதுதான் கணக்கு. அந்தக் காத்தை 20-ல இருந்து 23 மடங்கு வரைக்கும் அழுத்துது (அந்தக் காலத்துப் பெட்ரோல் 8, 9 மடங்குதான்), காத்து 500 டிகிரிக்கு மேலே சூடாகுது, டீசல் பீச்சினதும் தானா பத்திக்குது. பொறி விடற ஸ்பார்க் பிளக் கிடையாது, காயில் கிடையாது. நெரிசல்ல நின்னு நின்னு போறப்போ மைலேஜ் வித்தியாசம் இதனாலதான். ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 36 மெகாஜூல், பெட்ரோல்ல 32. அந்தக் கூடுதலையும் சேர்த்துக்கோங்க.

மைனஸும் இதுவேதான். திராட்டில் இல்லாததால காலை எடுத்தா பெட்ரோல் மாதிரி இழுத்துப் பிடிக்காது. மலையிறக்கத்துல கியர் குறைச்சு இறங்கணும். பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (உறிஞ்சு விசை) என்ஜின்ல இருந்து வராது, தனி வேக்குவம் பம்ப் வச்சிருப்பாங்க. அது போச்சுன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

வாங்கறதா இருந்தா ஒரே ஒரு விஷயத்துல பிடிவாதமா இருங்க. வண்டியைக் குளிர்ந்த நிலையில ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். போனதும் பானெட் மேல கையை வைங்க. சூடா இருந்தா "நாளைக்கு வர்றேன்"னு திரும்பிடுங்க. சூடா இருக்கறப்போ எல்லா டீசல் வண்டியும் நல்ல வண்டியாத்தான் தெரியும். குளிர்ல பிடிச்சதும் நாலு சிலிண்டரும் சேர்ந்து அடிக்கணும். நொண்டிக்கிட்டே வெள்ளைப் புகை விட்டா ஹீட்டர் பிளக்கா (குளிர்ல ஸ்டார்ட் ஆக உள்ளே சூடு கொடுக்கறது, உங்க மஞ்சள் விளக்கு இதுக்குத்தான்) இருக்கலாம், அது சின்ன வேலை. சூடான பிறகும் அதே நொண்டல்னா கம்ப்ரஷன் (காத்தை அழுத்தற பலம்) போயிருக்கலாம், அது பெரிய வேலை. ஓடறப்போ ஆயில் மூடியைக் கழட்டிச் சும்மா மேலே வைங்க. லேசா ஆடினா சரி. குதிச்சுக் கீழே விழுந்தா பேக் கம்ப்ரஷன் அடிக்குது, அதாவது அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியுது, பிஸ்டன் ரிங் முடிஞ்சது.

ஆயில் கருப்பா இருக்கேன்னு பயப்படாதீங்க. மாத்தின அன்னைக்கே கருப்பாயிடும். டீசல் கரி அது. மாத்தி ரொம்ப நாள் ஓட்டின வண்டியில தேன் கலர்ல ஆயில் இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன்.

நாலாவதுசிலிண்டர்:

அண்ணன் சொன்ன முதல் கியர் விஷயத்தைப் படிச்சதும் சிரிச்சிட்டேன். என் பொண்ணுக்கு வண்டி பழக்கினது அப்படித்தான். முதல் நாள் முழுக்க ஆக்சிலேட்டர் பக்கமே கால் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கிளட்ச் மட்டும். ஒரு தடவைகூட ஆஃப் பண்ணலை அவ.

கேள்வி கேட்டவருக்கு என் கதை ஒண்ணு சொல்றேன், வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ஒரு நாள் வீட்டு வாசல்ல நிறுத்தி, சாவியைத் திருப்பி, உருவிட்டேன். சாவி என் உள்ளங்கையில இருக்கு. வண்டி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு! திரும்பப் போட்டுத் திருப்பினேன், உருவினேன். கடகட கடகட. பெட்ரோல் காரா இருந்தா சாவியை எடுத்ததும் கரண்ட் போகும், பிளக்ல பொறி வராது, நிக்கும். இதுக்குப் பொறியே தேவையில்லையே, டீசல் வர்ற வரைக்கும் ஓடும். என் வண்டியில டீசலை நிறுத்தற வேலையை வேக்குவம் செய்யுது. சாவிக்குப் பின்னாடி ஒரு சின்ன ரப்பர் குழாய், என் சுண்டுவிரல் பாதி கனம்கூட இல்லை, அது வெடிச்சிருந்தது. சில வண்டியில இழுத்து நிறுத்தற கேபிள் இருக்கும், சிலதுல கரண்ட் வால்வு. எது உங்க வண்டின்னு முதல் நாளே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

பானெட்டைத் திறந்தா பம்ப் பக்கத்துல நிறுத்தற லீவர் இருக்கும்னு அப்போ எனக்குத் தெரியாது. நாலாவது கியர் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்ச்சை விட்டேன். ஒரு உலுக்கு உலுக்கி நின்னுது. கை ஒரு பத்து நிமிஷம் நடுங்கிச்சு.

ஆனா அதே குணம்தான் இன்னொரு நாள் என்னைக் காப்பாத்துச்சு. பாதி வழியில ஆல்டர்னேட்டர் போச்சு. பகல் நேரம், லைட் வேண்டாம். ஆஃப் மட்டும் பண்ணிடக் கூடாதுன்னு எங்கேயும் நிறுத்தாம 140 கி.மீ. ஓட்டிட்டு வீடு வந்து சேர்ந்தேன். பேட்டரி விளக்கு வழி முழுக்க எரிஞ்சுக்கிட்டே வந்தது, வண்டி அதைக் கண்டுக்கவே இல்லை. அன்னைக்கு வந்த பாசம் இன்னும் போகலை.

மூச்சு:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

என் மகனுக்கு இளைப்பு உண்டு. சிக்னலில் எங்களுக்கு முன்னால் இப்படி ஒரு "பாசமான" வண்டி நின்றால் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் மடியில் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்ப்பேன். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. கரித்துகள் வடிகட்டி கார்களில் பரவலாக வரத் தொடங்கியது 2000-இல், பியூஜோ 607-க்குப் பிறகுதான். உங்கள் 1985 மாடலில் அது இல்லை. என்ஜினிலிருந்து வருவது எல்லாம் நேராக வெளியே.

எளிமை என்கிறீர்கள். கார்புரேட்டர் பெட்ரோல் காரும் எளிமைதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே பாதி வேலை முடியும். டீசல் பம்ப் கெட்டால்? கழற்றித் தூக்கிக்கொண்டு பம்ப்மேஜை ஐயா போன்ற ஒருவரைத் தேடி அலைய வேண்டும். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். "எந்த மெக்கானிக்கும் சரி செய்துவிடுவார்" என்பது பழைய டீசலைப் பற்றிய பெரிய கட்டுக்கதை.

நீண்ட ஆயுளை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கிரேக்க டாக்ஸி நிற்கிறது, 1976-ஆம் வருட 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஆனால் அது இடையில் பல தடவை என்ஜின் மாற்றிய வண்டி என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

பம்ப்மேஜை:

மூச்சு சார் சொன்னதுல பம்ப் விஷயம் நூத்துக்கு நூறு. பம்ப்பை வீட்டுல பிரிக்காதீங்க. உள்ளே டீசலைத் தள்ளற பிளஞ்சர் தண்டு மைக்ரான் கணக்குல உரசற சாமான், ஒரு தூசி போனா கீறல் விழும். டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தித்தான் செட் பண்ணணும்.

புகையைப் பத்தி என் கடையில நான் பார்த்தது ஒண்ணு. கரும்புகை கக்கற வண்டி பத்துல ஏழு, பிக்கப்புக்காக யாரோ பம்ப் ஸ்க்ரூவைத் திருகினது. அளவுக்கு மேல டீசல், எரிய காத்து இல்லை, கரி. மீதி, நாசில் சொட்டுற வண்டி. நாசில் பூ மாதிரி பீச்சணும், ஒண்ணுக்கு அடிக்கிற மாதிரி ஒழுகக் கூடாது. இதெல்லாம் சரி பண்ணினா கண்ணுக்குத் தெரியற புகை நிக்கும். கண்ணுக்குத் தெரியாதது நிக்காது. அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது சார். மூடின ஷெட்டுக்குள்ள ஐடிலிங்ல விடாதீங்க, நெரிசல்ல நின்னா ஆஃப் பண்ணுங்கன்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

கடைசிக்கியர்:

எல்லோருக்கும் நன்றி. மூச்சு சார், நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அடுத்த நாள் சிக்னல்ல ஆஃப் பண்ணினேன். பச்சை விழுந்ததும் பின்னாடி இருந்தவர் அடிச்ச ஹாரன் உங்க கணக்குல.

முதல் கியர்ல ஆக்சிலேட்டர் தொடாம விட்டுப் பார்த்தேன். மூக்கு தூக்கறது நிஜம்! அன்னைக்கு சாயங்காலம் காலி மைதானத்துல அரை மணி நேரம் இதையே பண்ணிட்டிருந்தேன், யார்கிட்டயும் சொல்லலை.

ஒரு வண்டி பார்க்கப் போனேன். பானெட்ல கை வச்சேன், இளஞ்சூடு. "இப்போதான் கழுவறதுக்கு எடுத்தோம்"னாங்க. அடுத்த நாள் விடியக்காலம் சொல்லாம போய் நின்னேன். மூணு தடவை செல்ஃப் அடிச்சு, ரெண்டு சிலிண்டர்ல பிடிச்சு, தெரு தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. சூடான பிறகும் நொண்டல் போகலை. ஆயில் மூடியை மேலே வச்சேன். எகிறிப் போய் ரேடியேட்டர் பக்கத்துல விழுந்தது. ஓனரும் நானும் அதையே பார்த்துக்கிட்டு நின்னோம். வந்துட்டேன்.

சித்தப்பா திரும்பிட்டார். சாவியைக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டு என் முகத்தைப் பார்த்துட்டு "சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ"ன்னார். இப்போதைக்கு அது போதும். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. குளிர்ல பிடிக்கிறப்போ முதல் அரை நிமிஷம் அவர் வண்டியும் லேசா நொண்டுது, அப்புறம் சரியாயிடுது. ஹீட்டர் பிளக் நாலுல ஒண்ணு செத்திருக்குமோ? வீட்டுல எப்படிப் பார்க்கிறது?

பம்ப்மேஜை:

பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். சாவியை ஆஃப்ல வச்சுட்டு, பிளக்குகளை இணைக்கிற கம்பியையோ வயரையோ கழட்டிடுங்க. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஒரு முனையை பிளக் தலையில, இன்னொண்ணை என்ஜின் பாடியில துருப்பிடிக்காத இடத்துல வைங்க. ஒரு ஓம் பக்கத்துல காட்டினா உயிர் இருக்கு. எதுவுமே காட்டலைன்னா செத்தது. கழட்டறப்போ என்ஜின் சூடா இருக்கட்டும், அவசரப்பட்டுத் திருகி முறிச்சுடாதீங்க. முறிஞ்சா என்ஜின் மேல்பாகமான ஹெட்டையே கழட்டற மாதிரி ஆயிடும், சித்தப்பா சனிக்கிழமை சாவி தரமாட்டார்.